டாக்டரக் கேளுங்க

பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களின் முகத்தைக் கமலவேணி பார்ப்பதில்லை. முன்னங்கையைப் பார்க்கிறாள். ரெட்டியார்பாளையம் நிறுத்தத்தில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை அவள் கண் கைகளின் மேலேயே ஊர்ந்துகொண்டிருக்கும். மீன் கூடையோடு நிற்கும் அம்மாவின் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கயிறு மாதிரி ஓடும் பச்சை நரம்பு கண்ணில் பட்டால் அவளுக்கு ஒரு நிம்மதி. ‘இந்தக் கைக்கு ஒரு தையல் போதும், இருவது வருசம் ஓடும்’ என்று நினைத்துக்கொள்வாள். சதைப்பிடிப்பான கல்லூரிப் பெண்ணின் கையில் ஒன்றுமே தெரியாவிட்டால் கவலை வந்துவிடும். அந்த அம்மாவுக்கும் சரி, அந்தப் பெண்ணுக்கும் சரி, சிறுநீரகம் நன்றாகத்தான் இருக்கும். காலை ஐந்தரை மணிக்கு அவளுக்கு அதெல்லாம் தோன்றுவதில்லை.

புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் முதல் மாடியில் டயாலிசிஸ் டெக்னீசியன் வேலை. பன்னிரண்டு வருடமாகிறது. எட்டு இயந்திரங்கள், ஒரு நாளைக்கு மூன்று ஷிப்டு. பிளஸ் டூவுக்குப் பிறகு சென்னையில் ஒரு வருடப் படிப்பு படித்துவிட்டு வந்தவள். வில்லியனூருக்கு அப்பால் நெல்லும் கரும்பும் போடும் குடும்பம். அங்கே இன்னும் அவளை “ஊசி போடுற பொண்ணு” என்றுதான் சொல்கிறார்கள். நோயாளிகள் ‘சிஸ்டர்’ என்கிறார்கள். நான் சிஸ்டர் இல்லை, டெக்னீசியன் என்று முதல் இரண்டு வருடம் திருத்திப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

வேலை, சொன்னால் எளிது. பதினாறாம் நம்பர் ஊசி இரண்டு குத்த வேண்டும். ஒன்று கெட்ட ரத்தத்தை வெளியே எடுக்கும், மற்றது சுத்தமான ரத்தத்தை உள்ளே அனுப்பும். ஆனால் இயந்திரம் இழுக்கும் வேகத்துக்குச் சாதாரண நரம்பு தாங்காது. அதனால் அறுவை மருத்துவர் கையில் ஒரு சின்ன வேலை செய்வார்: துடிக்கும் தமனியை, பக்கத்தில் சும்மா கிடக்கும் நரம்போடு சேர்த்துத் தைத்துவிடுவார். தமனியின் வேகம் நரம்புக்குள் பாய, ஆறேழு வாரத்தில் நரம்பு விரல் கனத்துக்குத் தடித்து வரும். அதற்குப் பெயர் பிஸ்டுலா. மேலே விரல் வைத்தால் பூனை வயிற்றைத் தொட்ட மாதிரி ‘கொர்ர்’ என்று அதிரும். அந்த அதிர்வு இருக்கிற வரைக்கும் ஆள் இருப்பார்.

கமலவேணி யாரையும் “சாப்பிட்டீங்களா” என்று கேட்டுத் தொடங்குவதில்லை. நேராகக் கையைப் பிடித்து மூன்று விரலை வைப்பாள். கண்ணை மூடுவாள். அதிர்வு இருந்தால் “ம்” என்பாள். அதற்குப் பிறகுதான் வணக்கம், விசாரிப்பு எல்லாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அசந்து தூங்கும்போதுகூட அவள் விரல்கள் பக்கத்தில் படுத்திருக்கும் கணவனின் மணிக்கட்டைத் தேடிப் போகும். “தூக்கத்துலயும் எங்கையத் தடவிப் பாக்குற. எனுக்கு ஒண்ணும் இல்லடி, தூங்கு” என்பார் பலராமன். அவர் மில் ஷிப்டு முடிந்து வந்து படுத்திருப்பார். இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருப்பது வாரத்தில் ஆறு மணி நேரம் இருந்தால் அதிகம்.

குத்திய இடத்திலேயே மறுபடி குத்தச் சொல்லி எல்லோரும் கெஞ்சுவார்கள். பழைய ஓட்டையில் வலி குறைவு. அவள் கேட்க மாட்டாள். ஒரே இடத்தில் குத்தினால் நரம்பு அங்கே பலூன் மாதிரி ஊதி ஒருநாள் வெடிக்கும். படிக்கட்டு ஏறுவதுபோல ஒவ்வொரு தடவையும் அரை அங்குலம் தள்ளித்தான் குத்துவாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா ஒருவர், போரில்கூட இவ்வளவு கல்நெஞ்சக்காரியைப் பார்த்ததில்லை என்று வாரம் மூன்று முறை சொல்கிறார். சொல்லிவிட்டு, மற்ற யாரிடமும் கையைக் கொடுக்க மாட்டேன் என்றும் அடம்பிடிக்கிறார்.

நாள் முழுக்க நின்று நின்று அவளுடைய கெண்டைக்காலில் நரம்புகள் முடிச்சு முடிச்சாகச் சுருண்டுவிட்டன. “அடுத்தவங்க நரம்பப் பாத்துப் பாத்து எங்கால் நரம்பு வெளிய வந்து எட்டிப் பாக்குது” என்று சொல்லிக்கொண்டு, இரண்டு ஷிப்டுகளுக்கு நடுவே கிடைக்கும் இருபது நிமிடத்தில் சுவரில் காலைத் தூக்கி வைத்து, ஸ்டோர் ரூம் தரையில் படுப்பாள். டீ ஆறிப்போயிருக்கும். அதைத்தான் குடிப்பாள்.

எதைக் கேட்டாலும் சொல்வாள். தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம், வாழைப்பழம் ஏன் கூடாது, எந்தப் பக்கம் படுத்தால் கை நசுங்காது, எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் உண்டு. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் கிடையாது. புது ஆபரேஷன் என்ன செய்துகொள்வது, எந்தக் கையில், எந்த மாதிரி என்று யார் கேட்டாலும் அவள் முகம் மூடிக்கொள்ளும். “டாக்டரக் கேளுங்க” என்பாள்.

அப்படி ஆனதற்குக் காரணம் பார்வதி. பாகூர்ப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த பெண், முப்பத்தாறு வயது. கையில் நல்ல நரம்பு கிடைக்கவில்லை. கழுத்தில் போட்ட தற்காலிகக் குழாயோடு வந்து போய்க்கொண்டிருந்தாள். மேல்கையில் பிளாஸ்டிக் குழாய் பதிப்பதா, இன்னொரு தடவை நரம்பைத் தைத்துப் பார்த்து இரண்டு மாதம் காத்திருப்பதா என்று கேட்டபோது, பிளாஸ்டிக்கே போட்டுக்கொள் என்று கமலவேணிதான் சொன்னாள். மூன்றே வாரத்தில் ஊசி போடலாம், கழுத்துக் குழாயைப் பிடுங்கிவிடலாம் என்பது அவள் எண்ணம். தப்பான எண்ணமும் இல்லை. ஐந்தாவது மாதம் அந்தப் பிளாஸ்டிக்கில் சீழ் பிடித்தது. கிழித்து எடுத்தார்கள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. பார்வதி திரும்பி வரவில்லை.

யாரும் கமலவேணியைக் குறை சொல்லவில்லை. அந்தக் குழாயைப் போட்ட பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் நன்றாகத்தான் இருந்தார்கள். பார்வதியின் கணவர் ஒருநாள் வந்து, மிச்சமிருந்த மாத்திரைகளை இல்லாதவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி மேசைமேல் வைத்துவிட்டு, அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றிதான் அவளை அறுத்தது. நான்கு வருடமாக அவள் வாயைத் திறக்கவில்லை.

திறக்க வைத்தவர் அமலநாதன்.

அமலநாதனுக்கு ஐம்பத்தேழு வயது. நெல்லித்தோப்பில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தெருவில், எரிந்துபோன மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் செப்புக் கம்பியில் காயில் கட்டிக் கொடுக்கும் கடை. சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தின்றுவிட்டன. பிஸ்டுலா என்றால் என்னவென்று முதல்நாளே அவருக்குப் புரிந்துவிட்டது. “ஒண்ணும் இல்ல, ஷார்ட் சர்க்கியூட் பண்ணி வுட்டுருக்காங்க. லோடுக்குப் போவாம கரண்டு நேரா திரும்பி வருது” என்று பக்கத்துக் கட்டில்காரருக்கு விளக்கினார். கையைத் தன் காதருகே வைத்துக் கேட்பதும், “லேசா ஹம்மிங் கூடுதே வேணி, பேரிங் போவுதா பாரு” என்பதும் வழக்கம். அவர் அப்படிச் சொன்ன இரண்டு தடவையும் உண்மையிலேயே நரம்பு சுருங்கத் தொடங்கியிருந்தது.

அவருக்கு இடது கைப்பழக்கம். வேலை செய்யாத கையில்தான் பிஸ்டுலா போடுவார்கள் என்பதால் வலது கையில் போட்டார்கள். மணிக்கட்டில் போட்டது இரண்டு வருடம் ஓடி அடைத்துக்கொண்டது. பிறகு அதே கையின் முழங்கையில். அது எட்டு மாதம். போன வருடம், 2006இல், சிக்குன்குனியா வந்து ஊரே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததே, அப்போது அவரும் படுத்தார். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமில் நான்கு நாள் டிரிப் ஏற்றினார்கள். வலது கையைத் தொடாதீர்கள், அது டயாலிசிஸ் கை என்று காய்ச்சலிலும் மறக்காமல் சொல்லியிருக்கிறார். அதனால் அத்தனை ஊசியையும் இடது கையில் குத்தினார்கள். காய்ச்சலில் ரத்த அழுத்தம் இறங்கி வலது முழங்கையில் இருந்த பிஸ்டுலாவும் அடைத்துக்கொண்டது. இடது முன்னங்கையின் நரம்புகளோ டிரிப் ஏறி ஏறிக் காய்ந்த கொடி மாதிரி ஆகிவிட்டன.

கழுத்தில் குழாய் போட்டார்கள். அதோடு இரண்டு தடவை டயாலிசிஸ் நடக்கும்போதே குளிர் ஜுரம் தூக்கிப் போட்டது. அவர் உடம்போடு கட்டிலும் ஆடியது. கமலவேணி மூன்று போர்வை போட்டு, மேலே தன் கையையும் அழுத்திக்கொண்டு நின்றாள்.

வியாழக்கிழமைதோறும் வரும் ரத்தக்குழாய் மருத்துவர் நல்ல மனிதர். ஸ்கேன் பார்த்துவிட்டு ஒரு காகிதத்தின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார். வலது மேல்கையில் பிளாஸ்டிக் குழாய் பதிக்கலாம். சீக்கிரம் பயன்படும், ஆனால் அடைப்பும் சீழும் வர வாய்ப்பு அதிகம். இடது கையில் முழங்கைக்கு மேலே நரம்பு இன்னும் நன்றாக இருக்கிறது, அங்கே பிஸ்டுலா போடலாம். நீண்ட நாள் உழைக்கும், ஆனால் சர்க்கரை நோயாளிக்கு விரலுக்குப் போகும் ரத்தம் சில சமயம் குறைந்து, கை மரத்துப் பலம் போகலாம். மூன்றாவது, கழுத்துக் குழாயையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இன்னொரு ஜுரத்தை உடம்பு தாங்குமா தெரியாது. யோசித்து அடுத்த வாரம் சொல்லுங்கள் என்றார்.

அந்தச் சனிக்கிழமை அமலநாதன் கமலவேணியிடம் கேட்டார். அவள் வழக்கமான பதிலைச் சொன்னாள்.

“டாக்டரு மூணையும் சொல்லிட்டாரு. மூணுல எதுன்னு சொல்ல மாட்டேங்குறாரு. நீதான கையப் புடிக்கிற. ஒன் கையா இருந்தா என்னா பண்ணுவ?”

அவள் இயந்திரத்தின் பக்கம் திரும்பி, சரியாக இருந்த அளவையே இன்னொரு தடவை சரிபார்த்தாள். நான்கு மணி நேரமும் அவர் இடது கையை வயிற்றின் மேல் போட்டுக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கமலவேணிக்கு வாரத்தில் தூங்கக் கிடைக்கும் ஒரே பகல். பரணில் ஒரு வருடமாகக் கிடந்த எரிந்த மேசை விசிறியைத் துடைத்து எடுத்துக்கொண்டு நெல்லித்தோப்புக்குப் போனாள். எதற்கு என்று பலராமன் கேட்டதற்கு விசிறி ஓடவில்லை என்று மட்டும் சொன்னாள்.

பூசை முடிந்து சாப்பிட்டுவிட்டு அமலநாதன் கடையைப் பாதி திறந்து வைத்திருந்தார். வார்னிஷ் நெடி. கழுத்துக் குழாயை மறைக்கக் காலர் வைத்த சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருந்தார். விசிறியைப் பார்த்ததும் அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டூலை அவள் பக்கம் தள்ளிவிட்டார். அவர் மனைவி ஞானமேரி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலில் நின்றுகொண்டார்.

அவர் விசிறியைப் பிரித்தார். கருகிய காயிலை வெட்டி எடுத்தார். புதுச் செப்புக் கம்பியைச் சுற்றி, இரும்பு வளையத்தின் பள்ளங்களுக்குள் ஒவ்வொரு இழையாக இறக்கினார். கமலவேணி முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். வலது கை சும்மா வளையத்தைப் பிடித்திருந்தது. எல்லாவற்றையும் இடது கை செய்தது. முடி கனக் கம்பியை நகத்தால் பிரிப்பதும், மூங்கில் பட்டையால் அழுத்துவதும், அறுந்துவிடாமல் முறுக்குவதும் அதுதான். அந்த ஐந்து விரலும் தனித்தனியே யோசிப்பதுபோல் இருந்தன. அந்தக் கையைத் தொட வேண்டாம், பிளாஸ்டிக்கே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்று தோன்றியது. மாத்திரைகளை மேசைமேல் வைத்த பார்வதியின் கணவர் நினைவுக்கு வந்தார். கட்டிலோடு சேர்ந்து ஆடிய உடம்பும் நினைவுக்கு வந்தது.

ஒரு மணி நேரம் பார்த்தாள். பிறகு அவர் இடது கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, முந்தானையால் மேல்கையைக் கட்டி, முழங்கை மடிப்புக்கு மேலே விரலால் தேடினாள். நரம்பு இருந்தது. தாராளமான நரம்பு.

“வலது பக்கம் ரெண்டு தடவ அடைச்சிருக்குண்ணே. அங்க பிளாஸ்டிக் வச்சாலும் எத்தினி நாளைக்குன்னு எனக்குத் தெரியல. கழுத்துல இருக்குறத நம்பவே நம்பாதீங்க. இந்தக் கை போனா வேல போவும். ஆனா ரத்தத்துல சீழ் ஏறுனா நீங்களே போயிடுவீங்க. என் கையா இருந்தா இதத்தான் குடுப்பேன்.”

அமலநாதன் முந்தானைக் கட்டை அவிழ்த்துக்கொண்டார். ஞானமேரி வாசலிலிருந்து உள்ளே வரவே இல்லை. விசிறியை அவர் அன்றே முடித்துக் கொடுத்தார். வழியெல்லாம் அதைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தாள்.

டிசம்பரில் இடது கையில் ஆபரேஷன் ஆனது. தையல் பிரிக்கும்போதே அதிர்வு பலமாக இருந்தது. ஜனவரியில் நரம்பு சுண்டுவிரல் கனத்துக்கு வந்துவிட்டது. மருத்துவர் மகிழ்ச்சியாகத் தட்டிக் கொடுத்தார். அதே ஜனவரியில்தான் கமலவேணி இன்னொன்றையும் கவனித்தாள். அவருடைய வலது விரல்கள் வெதுவெதுப்பாக இருந்தன. இடது விரல்கள் குழாய்த் தண்ணீரில் நனைந்தவை மாதிரி இருந்தன. நகத்தை அழுத்திவிட்டு எடுத்தாள். வெளுத்த இடத்தில் சிவப்பு திரும்பி வர நேரம் எடுத்தது.

மரத்துப் போகிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். கம்பி பிரிக்க முடிகிறதா என்று கேட்டாள். அவர் இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். ஞானமேரிதான் வராண்டாவில் அவளை நிறுத்திச் சொன்னார்: பதினைந்து நாளாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, தாமேதான் கம்பியைப் பள்ளத்தில் இறக்குகிறாராம். கனமான மோட்டார் வேலையை மட்டும் இருவரும் சேர்ந்து எப்படியோ பார்த்துக்கொள்கிறார்களாம். மின்விசிறி வருவதைத் திருப்பி அனுப்பிவிடுகிறாராம். அதில் கோபம் எதுவும் இல்லை. கடையில் என்ன நடக்கிறது என்று விசாரித்தவளுக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

மருத்துவர் பரிசோதித்தார். விரல் கறுக்கவில்லை, புண் இல்லை. இன்னும் மோசமானால் அந்த இணைப்பைக் கொஞ்சம் குறுக்கிப் பார்க்கலாம், ஆனால் குறுக்கப் போய் மொத்தமாகவே அடைத்தாலும் அடைக்கும் என்றார். இப்படியே இருக்கட்டும் என்று அமலநாதன் சொல்லிவிட்டார். மறுபடி யாரையும் எதையும் அவர் கேட்கவில்லை.

பிப்ரவரியில் முதல்முதலாக அந்தக் கையில் ஊசி போடும் நாள் வந்தது. கமலவேணி முந்தின ஷிப்டிலேயே களைத்திருந்தாள்; இரண்டு பேர் விடுப்பில் போயிருந்தார்கள். கையைத் துடைத்து, மூன்று விரலை வைத்து, கண்ணை மூடினாள். வழக்கத்தைவிட நேரம் ஆயிற்று.

“நான் சொல்லியிருக்கக் கூடாதுண்ணே” என்றாள், கண்ணைத் திறக்காமல்.

“கேட்டவன் நானு” என்றார் அவர். “குத்து.”

இரண்டு ஊசியும் முதல் தடவையிலேயே ஏறின. ரத்தம் குழாயில் தடையில்லாமல் ஓடியது. இயந்திரம் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. நான்கு மணி நேரம் முடிந்ததும், இன்னும் இரண்டு தடவை இப்படி ஓடினால் கழுத்துக் குழாயை எடுத்துவிடலாம் என்று மருத்துவர் கீழேயிருந்து சொல்லி அனுப்பினார். அமலநாதன் தலையாட்டினார். குளிர் ஜுரம் வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது என்று ஞானமேரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கழுத்துக் குழாயை எடுப்பதற்கு ஒப்புதல் காகிதம் ஒன்று இருந்தது. நர்ஸ் நிர்மலாதேவி அதை ஒரு அட்டையில் வைத்துப் பேனாவோடு நீட்டினாள். அமலநாதன் இடது கையால் வாங்கினார். பேனா விரல்களுக்கு நடுவே நிற்காமல் நழுவிப் போர்வையில் விழுந்தது. எடுத்து மறுபடி பிடித்தார். ‘அ’வின் சுழி தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வராமல் எங்கோ போனது. அடுத்த ஷிப்டின் எட்டுப் பேரும் வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். “பரவால்லண்ணே, கைநாட்டு வச்சுடலாம்” என்று நிர்மலாதேவி மேசையிலிருந்து மைப்பெட்டியைக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

கமலவேணி கையுறையைக் கழற்றினாள். மைப்பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, காகிதம் நகராமல் இரண்டு விரலால் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.